டானிக் வாங்கும் முன்: அறிகுறி பார்த்துப் பயிரின் ஹார்மோன் கோளாறைக் கண்டுபிடிப்பது

தென்காசி மாவட்டம் பாவூர்சத்திரத்துக்குப் பக்கத்தில் நாற்றுப்பண்ணை நடத்துகிறேன். காலையில் கேட்டைத் திறக்கும்போதே யாராவது ஒருவர் பாலித்தீன் பையில் ஒரு கொப்பைப் போட்டுக்கொண்டு நிற்பார். "அண்ணாச்சி, இதற்கு என்ன டானிக் அடிக்கலாம்?" என்பதுதான் முதல் பேச்சு. வளர்ச்சி ஊக்கி என்று அச்சடித்த எல்லாக் குப்பிக்கும் எங்கள் பக்கத்தில் டானிக் என்றே பெயர். கேட்டு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது தேவைப்பட்டதில்லை. சிலருக்கு ஏற்கெனவே அடித்த டானிக்தான் நோயே.

காரணம் எளிது. அந்தக் குப்பிகள் கொடுக்க முயல்வது ஹார்மோனை, அதாவது வளர்ச்சிக்குக் கட்டளையிடும் பொருளை. அதைச் செடியே தயாரித்துக்கொள்கிறது. நமக்கு இருப்பதுபோல் தனிச் சுரப்பி அதற்குக் கிடையாது. நுனிக்குருத்தும் இளம் இலையும் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஆக்சின் என்ற ஹார்மோனைச் செய்து, செல்லுக்குச் செல் கைமாற்றிக் கீழே அனுப்புகின்றன. வேர்நுனி சைட்டோகைனின் என்ற இன்னொன்றைச் செய்து, ஏறுகிற தண்ணீரோடு மேலே அனுப்புகிறது. தண்டை நீட்டுவதும் விதையை எழுப்புவதும் ஜிப்ரெலின். வறட்சியில் இலைத்துளையை மூடச் சொல்வதும் விதையை உறங்க வைப்பதும் அப்சிசிக் அமிலம். எத்திலீன் ஒரு வாயு. செடியின் எந்தப் பாகமும் அதை விடும். இவை யாவும் ஒரு கிலோ பச்சைத் தழைக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கும். தேவைக்கு மேல் ஆக்சின் சேர்ந்தால் செடி அதைச் சர்க்கரையோடோ அமினோ அமிலத்தோடோ கட்டி ஒதுக்கி வைக்கும், அல்லது சிதைத்துவிடும். இவ்வளவு கறாராகக் கணக்குப் பார்க்கிற வீட்டுக்குள் மூடி அளவில் மருந்தை ஊற்றுவதற்கு முன், கணக்கு எங்கே தவறியது என்று பார்ப்பது நல்லது.

எந்த அறிகுறியானாலும் மூன்று கேள்விகளுக்கு முதலில் பதில் வேண்டும். எல்லாச் செடிக்கும் இப்படியா, ஒன்றிரண்டுக்கு மட்டுமா? புதுத் தளிரிலா, பழைய இலையிலா? கடைசியாக என்ன அடித்தீர்கள், யாருடைய தெளிப்பானில்? மூன்றாவது கேள்விக்குத்தான் ஆட்கள் வாயைத் திறக்கத் தயங்குவார்கள்.

நாற்று வெளிறி நெடுநெடுவென்று வளர்கிறது

குழித்தட்டில் உள்ள கத்தரி, மிளகாய், தக்காளி நாற்று முழுவதும் ஒரே மாதிரி நீண்டு, ஊதினால் சாய்கிற மாதிரி நின்றால் அது வெளிச்சக் குறைவும் நெருக்கமும். பக்கத்துச் செடியின் இலையில் பட்டுத் திரும்பும் ஒளியில் சிவப்புக் குறைந்து தொலைச்சிவப்பு (சிவப்புக்கு அப்பாலுள்ள, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒளி) மிகுந்திருக்கும். நாற்று அதை உணர்ந்து, 'என்னை மறைக்கப் போகிறார்கள்' என்று கணித்து, ஆக்சினையும் ஜிப்ரெலினையும் தண்டை நீட்டுவதில் செலவழிக்கிறது. தட்டுகளைத் தள்ளி வையுங்கள். நிழல்வலையை நாலைந்து நாளில் படிப்படியாக விலக்குங்கள். யூரியாக் கரைசலை நிறுத்துங்கள். என் பண்ணையில் இன்னொன்றும் செய்கிறோம்: காலையில் ஒரு ஈர்க்குக் கட்டால் நாற்றின் தலையை மெல்லத் தடவிக்கொடுப்பது. தொடுகை பட்ட நாற்று குட்டையாக, தண்டு தடித்து வளரும். காற்றில் ஆடி வளர்ந்த செடிக்கும் அறைக்குள் வளர்ந்த செடிக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. வந்து பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். நாற்றை மட்டும் எங்களிடம்தான் வாங்குவார்கள்.

நெல் நாற்றங்காலில் கதை வேறு. பாத்தி முழுவதும் ஒழுங்காக இருக்க, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில நாற்று மட்டும் மற்றவற்றை விட ஒரு சாண் உயர்ந்து, வெளிர்ப் பச்சையில், இலையைத் தண்டிலிருந்து அகல விரித்து நிற்கிறதா? அதைப் பிடுங்கிக் கீழ்க்கணுவைப் பாருங்கள். மண்ணுக்கு மேலே உள்ள கணுவில் வேர் விட்டிருந்தால், கணுவில் வெள்ளையோ இளஞ்சிவப்போ பூசணம் படிந்திருந்தால், அது ஒரு பூசண நோய். ஜப்பானியர் அதைப் 'பேதை நாற்று' என்ற பொருள்பட பக்கனே என்றார்கள். 1926-இல் குரோசாவா என்பவர் அந்தப் பூசணத்தை வளர்த்து, வடிகட்டிய சாற்றை மட்டும் நல்ல நாற்றுக்கு ஊற்றிப் பார்த்தார். பூசணம் இல்லாமலேயே நாற்று நெட்டையாக வளர்ந்தது. அந்தச் சாற்றில் இருந்த பொருளுக்குத்தான் 1935-இல் யபுட்டா என்ற விஞ்ஞானி ஜிப்ரெலின் என்று பெயரிட்டார். செடிகள் தாமும் அதைச் செய்துகொள்கின்றன என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒரு பயிர் நோயிலிருந்து ஹார்மோன் கிடைத்த கதை இது.

"நன்றாக வளர்ந்திருக்கிறதே" என்று அந்த நாற்றை விட்டுவைக்காதீர்கள். நட்டாலும் தூர் கட்டாமல் சாகும்; பிழைத்தால் பதர்க் கதிர் போடும். பிடுங்கி எரியுங்கள். கார் பருவத்துக்கோ பிசானத்துக்கோ அடுத்த விதையை உப்புக் கரைசலில் போட்டு மிதப்பதைத் தள்ளி, நல்ல தண்ணீரில் அலசி, கிலோவுக்கு 2 கிராம் கார்பன்டசிம் நேர்த்தி செய்து விதையுங்கள்.

இதற்கு நேர் எதிர்ப்புறத்தையும் சொல்ல வேண்டும். 1966-இல் வந்த ஐ.ஆர்.8 நெல் ரகம் குட்டையாக இருந்ததற்குக் காரணம் ஜிப்ரெலின் தயாரிப்பில் ஒரு படி பழுதான மரபணு. உரம் போட்டதும் நெட்டையாகி, பால் பிடிக்கும்போது சாய்ந்துவிடுகிற பழைய ரகங்களுக்கு நடுவே அந்தப் பழுதுதான் நிமிர்ந்து நின்று கதிரைத் தாங்கியது. ஆகவே குட்டை நெல்லுக்கு ஜிப்ரெலின் குப்பியைச் சிபாரிசு செய்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

இலை முறுக்கிக்கொண்டு, விரல் விரலாகக் குறுகுகிறது

இது என் சொந்த அனுபவம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு பிசானப் பருவத்தில் எங்கள் கைத்தெளிப்பான் பழுதாகிவிட்டது. பக்கத்து வயல்காரரிடம் இரவல் வாங்கி, தக்காளி நாற்றுக்கு வெறும் வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தோம். மறுநாள் காலையில் முன்வரிசைத் தட்டுகளில் தண்டெல்லாம் கொக்கி போல் வளைந்து கிடந்தது. தண்ணீர் இல்லாமல் வாடியதோ என்று பார்த்தால் இலை விறைப்பாகவே இருந்தது. ஒரு வாரத்தில் விட்ட புது இலை, இலையாகவே இல்லை. நரம்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இணையாக ஓட, நடுவில் சதையில்லாமல், பெரணி ஓலை மாதிரி நுனி சுருண்டிருந்தது. தண்டின் அடி வீங்கி வெடித்து, அதிலிருந்து வெள்ளை வெள்ளையாக வேர்முளை எட்டிப் பார்த்தது. தெளிப்பான்காரரிடம் கேட்டேன். இரண்டு நாளுக்கு முன் வயலில் அகன்ற இலைக் களைக்கு 2,4-டி என்ற களைக்கொல்லி அடித்தாராம். தண்ணீர் ஊற்றிக் கழுவித்தான் கொடுத்தாராம். பொய் சொல்லவில்லை. தண்ணீரில் ஒரு முறை அலசினால் அது போகாது என்பது இருவருக்குமே தெரியவில்லை.

2,4-டி என்பது செயற்கை ஆக்சின். நெல் போன்ற புல்லினம் அதைப் பெருமளவு முடக்கிவிடும். தக்காளி, பருத்தி, மிளகாய், திராட்சை ஆகியவற்றால் அது முடியாது. சொந்த ஆக்சினைக் கட்டிப்போடவும் சிதைக்கவும் செடியிடம் இருக்கும் உத்தி இந்த அந்நியச் சரக்கிடம் சரியாகப் பலிப்பதில்லை. எனவே 'வளர், வளர்' என்ற கட்டளை நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. பருத்தியில் இது பட்டால் அகன்ற இலை வெண்டை இலைபோல் பிளவுபட்டு வரும். கோவில்பட்டிக் கரிசலில் பருத்தியும் சற்றுத் தள்ளி மக்காச்சோளமும் நிற்கிற இடங்களில், மக்காச்சோளத்துக்கு அடித்தது காற்றில் பறந்து வந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

வைரஸ் என்று தவறாக எடுத்துக்கொள்ள நிறைய வாய்ப்பு உண்டு. பிரித்துப் பார்க்க வழி: வைரஸ் அங்கங்கே ஒவ்வொரு செடியாகத் தொடங்கி, வெள்ளை ஈயும் கூடவே இருந்து, வாரக்கணக்கில் பரவும். களைக்கொல்லி ஒரே நாளில், வரிசையாக, காற்றுத் திசையிலோ தெளிப்பான் போன பாதையிலோ தெரியும். மேலும், வைரஸ் வந்த செடி திரும்பாது. லேசாக மருந்து பட்ட செடி மூன்று நாலு வாரத்தில் ஒழுங்கான தளிர் விட ஆரம்பிக்கும்.

மாற்று மருந்து கிடையாது. டானிக் அடிப்பது எரிகிற அடுப்பில் விறகு வைப்பது. தண்ணீர் பாய்ச்சி, கடுமையாகப் பாதித்ததைப் பிடுங்கி, மற்றதை விட்டுப் பாருங்கள். களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்து அதன் மேல் சிவப்புப் பெயின்ட் அடியுங்கள். வேறு வழியே இல்லாமல் ஒன்றையே புழங்க வேண்டியிருந்தால், சலவை சோடாக் கரைசலை இரவு முழுக்க ஊற வைத்து, குழாய், மூக்கு, வடிகட்டி எல்லாம் கழற்றி மூன்று தடவை அலசுங்கள். என் பண்ணையில் இப்போது யாருக்கும் இரவல் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை.

மண் ஈரமாக இருக்கிறது, இலை தொங்குகிறது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. வெள்ளத்தில் முழுகியது போனது போகட்டும். முழுகாமல் தண்ணீர் மட்டும் தேங்கி நின்ற தோட்டங்களில் தக்காளி இலையெல்லாம் கீழ்நோக்கித் தொங்கியது. வாடிவிட்டது என்று நினைத்து, வடிந்த கையோடு மறுபடியும் தண்ணீர் பாய்ச்சியவர்கள் உண்டு.

கையால் தொட்டுப் பாருங்கள். வாடிய இலை துணிபோல் துவளும். தேங்கிய நீரால் தொங்கும் இலை விறைப்பாகவே இருக்கும். காம்பின் மேற்புறம் மட்டும் வளர்ந்து வளைந்திருக்கும். காரணம் எத்திலீன். அதைச் செய்ய மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் ஏ.சி.சி. என்ற இடைப்பொருளாக மாறுகிறது. கடைசிப் படியில் ஏ.சி.சி. எத்திலீனாக மாற ஆக்சிஜன் வேண்டும். நீரில் மூழ்கிய வேரில் ஆக்சிஜன் இல்லை. ஆகவே அங்கே ஏ.சி.சி. மட்டும் குவிந்து, தண்ணீரோடு மேலே ஏறி, காற்றுப் படும் இலைக்கு வந்ததும் எத்திலீனாகிறது. வேரின் மூச்சுத்திணறல் இலையில் தெரிவது இப்படித்தான்.

வடிகால் வெட்டுவது ஒன்றுதான் முதல் உதவி. மண் கால் வைக்கிற பதத்துக்கு வந்ததும் லேசாகக் கொத்திக் காற்றோட்டம் கொடுங்கள். வேர் மீளும் வரை உரம் வேண்டாம்.

பூவும் குரும்பையும் உதிர்கின்றன

உதிர்ந்ததை எடுத்துக் காம்பின் முனையைப் பாருங்கள். ஓட்டையோ பிய்ந்த நாரோ இருந்தால் பூச்சியைத் தேடுங்கள். கத்தியால் நறுக்கியதுபோல் வழுவழுப்பாக இருந்தால் செடி தானாகக் கழற்றியது. காம்பின் அடியில் அதற்கென்றே ஒரு மெல்லிய அடுக்கு உண்டு. பூவிலிருந்தும் பிஞ்சிலிருந்தும் ஆக்சின் இறங்கிக்கொண்டிருக்கும் வரை அந்த அடுக்கு உறங்கும். மகரந்தம் சேராமல், சூடு தாங்காமல், தண்ணீர் விட்டு விட்டுக் கிடைத்து அந்த ஓட்டம் மெலிந்தால், எத்திலீனுக்கு அது காது கொடுக்கும். செல்சுவரைக் கரைக்கும் நொதிகள் சுரந்து, காம்பு கழன்று விழும்.

மிளகாய்க்கு என்.ஏ.ஏ. என்ற செயற்கை ஆக்சினை 10 பி.பி.எம். அளவில் நட்ட 60-ஆம் நாளிலும் 90-ஆம் நாளிலும் தெளிப்பது பரிந்துரையில் உள்ளதுதான். டானிக் உண்மையாகவே வேலை செய்கிற இடம் இது. ஆனால் அளவைப் பாருங்கள். 10 பி.பி.எம். என்றால் லிட்டருக்கு 10 மில்லிகிராம். 10 லிட்டர் டாங்கிக்கு 100 மில்லிகிராம். கடையில் கிடைப்பது 4.5 சதவீதக் கரைசல் என்றால் ஒரு மில்லியில் சுமார் 45 மில்லிகிராம் இருக்கும். அப்படியானால் டாங்கிக்கு இரண்டே கால் மில்லி. மூடியில் ஊற்றினால் இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ போய்விடும். ஊசி போடும் சிரிஞ்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதிகமானால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஆக்சின் மிகுந்தால் செடி எத்திலீனை அதிகம் விடும். ஆப்பிள் தோட்டங்களில் இதே என்.ஏ.ஏ.வைப் பிஞ்சை உதிர்த்துக் குறைக்கவே அடிக்கிறார்கள்.

தென்னையில் குரும்பை கொட்டுவதைப் பார்த்ததும் பதற வேண்டாம். ஒரு பாளையில் பிடித்ததெல்லாம் காயாவதில்லை. மரம் தாங்குகிற அளவை வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். வழக்கத்தை விட மிகுதியாகக் கொட்டினால் தண்ணீர், போரான் குறை, சிலந்திப்பேன் என்ற வரிசையில் பாருங்கள்.

எலுமிச்சையில் இலை சிறுத்துக் கொத்தாக நிற்கிறது

புளியங்குடிப் பக்கத்திலிருந்து வருகிற கொப்புகளில் பாதி இந்த வகை. புது இலை சின்னதாக, குறுகலாக, நிமிர்ந்து, கணுவிடை நெருங்கி, நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருக்கும். துத்தநாகக் குறை. துத்தநாகம் இல்லாமல் செடியால் போதுமான ஆக்சின் செய்ய முடியாது. அதனால்தான் நீள வேண்டியது நீளவில்லை. ஆக்சினை வாங்கி அடிக்க வேண்டியதில்லை. 10 லிட்டருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட்டும் 25 கிராம் நீற்றுச் சுண்ணாம்பின் தெளிவும் கலந்து தளிரில் தெளித்தால் அடுத்த தளிர் அகலமாக வரும்.

ஒரு எச்சரிக்கை. இலையை நடுநரம்போடு மடித்துப் பாருங்கள். இரண்டு பாதியும் ஒரே மாதிரி மஞ்சளாக இருந்தால் சத்துக் குறை. ஒரு பாதியில் ஒரு விதமாகவும் மறு பாதியில் வேறு விதமாகவும் திட்டுத்திட்டாக இருந்தால் பாக்டீரியாவால் வரும் பச்சையாதல் நோயாக இருக்கலாம். அந்த மரத்துக்குத் துத்தநாகம் கொடுத்துப் பயனில்லை. கத்தரியில் இலை மிகச் சிறுத்து, பூ இருக்க வேண்டிய இடத்திலும் இலைக் கொத்து வந்தால் அது சிற்றிலை நோய். தத்துப்பூச்சி கொண்டுவந்து விட்ட நுண்ணுயிர், செடியின் ஹார்மோன் கணக்கையே கலைத்துவிடுகிறது. பிடுங்கிப் போடுங்கள்.

முருங்கை ஒற்றைக் குச்சியாக ஏறுகிறது

நுனிக்குருத்திலிருந்து இறங்கும் ஆக்சின் பக்கமொட்டுகளை அடக்கி வைக்கிறது. 75 சென்டிமீட்டர் உயரம் வந்ததும், விதைத்து இரண்டு மாதம் வாக்கில், நுனியைக் கிள்ளுங்கள். அவ்வளவுதான். நகமே போதும், செலவில்லை. பனையிடம் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரே ஒரு குருத்துதான். அது போனால் மரம் போயிற்று.

குச்சி வேர் பிடிக்கவில்லை

முதலில் தலைகீழாக நட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், கட்டாகக் கட்டி வந்த மல்லிகைக் குச்சியில் இது அடிக்கடி நடக்கும். ஆக்சின் குச்சியின் மேல்முனையிலிருந்து அடிமுனைக்குத்தான் போகும். நீங்கள் திருப்பி நட்டாலும் அதன் கணக்கில் அடி அடிதான். மேலே நிற்கிற அடிமுனை வேர் விட முயன்று காய்ந்து போகும். வெட்டும்போதே அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டினால் குழப்பமில்லை. ஐ.பி.ஏ. என்ற ஆக்சின் பொடி அடியில் கால் அங்குலம் ஒட்டினால் போதும். குச்சியில் ஓரிரு இலையாவது விட்டுவையுங்கள். பொடியை விட அந்த இலைதான் நீடித்து ஆக்சின் கொடுக்கும்.

வாழைத்தார் ஒரு சீப்பு பழுத்து, ஒரு சீப்பு காயாக

களக்காட்டு ஏத்தனானாலும் ரசகதலியானாலும் வெட்டிய பிறகு பழுக்க எத்திலீன்தான் கதவைத் திறக்க வேண்டும். முதிராத தாரை வெட்டினால் எந்தப் புகைமூட்டமும் சீராகப் பழுக்க வைக்காது. முதலில் சீப்பில் உள்ள காயின் விளிம்பு உருண்டிருக்கிறதா பாருங்கள். கார்பைடு கல் வைப்பது உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 2011 முதலே தடை. அனுமதி இருப்பது 100 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) வரை எத்திலீன் வாயுவுக்கு. வீட்டுக்கு ஒரு தார் என்றால் நன்றாகப் பழுத்த பழம் நாலைச் சாக்குக்குள் சேர்த்துக் கட்டுங்கள்.

நெல் கதிரிலேயே முளைக்கிறது

கார் அறுவடை தள்ளிப்போய் ஐப்பசி மழையில் மாட்டினால் வரும் வினை. விதையை உறங்க வைத்த அப்சிசிக் அமிலம் முற்றிய மணியில் குறைந்துவிட்டது. ஈரம் பட்டதும் ஜிப்ரெலின் மாவைச் சர்க்கரையாக்கும் நொதியை எழுப்பிவிட்டது. அடிக்க மருந்தில்லை. வெயில் கண்ட அன்றே அறுத்து உலர்த்துங்கள். முளைத்ததை விதைக்கு எடுக்காதீர்கள்.

இதில் எதிலும் அடங்கவில்லை

அப்படியானால் வேரைப் பாருங்கள். சைட்டோகைனின் அங்கிருந்துதான் வர வேண்டும். வேரில் நூற்புழு முடிச்சு போட்டிருந்தால் மேலே என்ன தெளித்தும் செடி வெளிறிக்கொண்டே போகும். என்னிடம் காட்ட வருகிறவர்கள் கொப்பை முறித்து வர வேண்டாம். ஒரு செடியை மண்ணோடு முழுதாகக் கொண்டுவாருங்கள். கடைசியாக அடித்த குப்பியையும், மூடியையும் கூடவே.